தானாக அணைந்து எழும் டெஸ்க்டாப்: காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பாதி வேலையில் திரை கறுத்துப் போகிறது. உள்ளே ஒரு 'டிக்' சத்தம், ஃபேன்கள் மறுபடி சுற்றுகின்றன, மதர்போர்டு கம்பெனியின் லோகோ வந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "ஓ.எஸ். போட்டுப் பாத்துடலாம் சார்." போட்டுத் தருவார்கள். இரண்டு நாள் ஓடும். அப்புறம் பழைய கதை.

விண்டோஸ்மேல் தப்பு இருக்கும் நேரங்களும் உண்டு. ஆனால் எந்தச் செய்தியும் காட்டாமல் சட்டென்று விழுந்து எழும் மெஷினில் ஓ.எஸ்.ஸைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது கரண்ட் வரும் பாதை: சுவர் ப்ளக், யு.பி.எஸ், எஸ்.எம்.பி.எஸ் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி), பிறகு மதர்போர்டு. கீழே உள்ள வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது. செலவில்லாத சோதனைகள் முன்னால், காசு கேட்பவை பின்னால்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைக் கழற்றி மாட்டி, ட்ரைவரையும் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மாற்றி, தெர்மல் பேஸ்ட்டும் போட்டுவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. இரண்டு வாரத்தில் கோளாறு திரும்பினால் மறுபடி முதலிலிருந்துதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, மென்மையான பெயிண்ட் பிரஷ், ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை).

எல்லாவற்றுக்கும் முன்னால், மெஷின் ஓடும் நேரத்திலேயே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ஃபைல் சிதையும். சில நேரம் முழு பார்ட்டிஷனும் போகும். டேலி டேட்டா, குழந்தைகளின் போட்டோ, எதுவானாலும் இன்றைக்கே.

1. எப்படி விழுகிறது என்று எழுதி வையுங்கள்

"அடிக்கடி ஆஃப் ஆகுது" என்பது போதாது. விழும் விதங்கள் பல, ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும்.

ஒரு நொடியில் கறுத்து, தானாகவே மறுபடி பூட் ஆகிறதா? கரண்ட் ஒரு கணம் தடுமாறியது அல்லது ஹார்டுவேர் ரீசெட் ஆனது. அணைந்து அப்படியே கிடக்கிறதா, நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் வருகிறதா? சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது அல்லது எஸ்.எம்.பி.எஸ் தன் பாதுகாப்புக்குள் போய்விட்டது. படம் உறைந்து, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் இழுத்துக்கொண்டு ஹேங் ஆகிறதா? ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் பக்கம் பாருங்கள். சோகமான முகம் போட்ட நீலத் திரை வந்து சதவீதம் ஓடிய பிறகு ரீஸ்டார்ட் ஆகிறதா? அது விண்டோஸ் தானே கையைத் தூக்கியது. அதில் துப்பு இருக்கும். 2025-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு வந்த அப்டேட்டில் இந்தத் திரை கறுப்பாக மாறிவிட்டது. முகமும் இல்லை, வெள்ளை எழுத்து மட்டும். சாதாரண அப்டேட் திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேம் ஓடும்போதா, சும்மா கிடக்கும்போதா? போட்ட ஐந்தாவது நிமிடத்திலா? பக்கத்தில் மோட்டார் போட்டபோதா, ஏ.சி. கம்ப்ரஸர் எடுத்தபோதா? டியூப்லைட்டோ ஃபேனோ அதே நேரத்தில் மங்கியதா? இரண்டு மூன்று தடவைக் குறிப்பு இருந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

2. தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்துங்கள்

நீலத் திரை சில மெஷின்களில் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். தேடுபெட்டியில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று அடித்துத் திறங்கள். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் செட்டிங்ஸை அழுத்தினால் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கீழே உள்ள பட்டியலில் 'ஸ்மால் மெமரி டம்ப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி விண்டோஸ் காரணமாக விழுந்தால் அந்தத் திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் திரை எதுவும் காட்டாமல் ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்கு வாய் திறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். 4-ஆவது படி உங்களுக்குத்தான்.

3. ஈவன்ட் வியூவரில் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், 'ஈவன்ட் வியூவர்', 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்'. சிவப்புக் குறிகளைப் பார்த்து மிரள வேண்டாம். நன்றாக ஓடும் மெஷினிலும் சிவப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது சில எண்கள்தான்.

41, 'கெர்னல் பவர்'. முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதைத் தவிர இது வேறெதுவும் சொல்லவில்லை. இணையத்தில் பலர் 41-ஐப் பார்த்ததும் "எஸ்.எம்.பி.எஸ் போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அதன் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக் கோடு' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் கரண்ட் போனது, முழுதாக உறைந்தது, அல்லது யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்தது. வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது. 6008-ம் எதிர்பாராமல் அணைந்ததைத்தான் சொல்கிறது. 1001 என்பது நீலத் திரையின் பதிவு.

1074 இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு ப்ரோகிராமோ அப்டேட்டோ முறையாகக் கேட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. எது என்று பெயரோடு எழுதியிருக்கும். 'கோளாறு' என்று நினைத்தது இரவு நேர அப்டேட்டாக இருப்பது அரிதல்ல.

'டபிள்யூ.எச்.இ.ஏ லாகர்' என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் கவனம்: ஹார்டுவேரே தன் பிழையைப் புகார் செய்கிறது. ப்ராசசர், அதற்கு வரும் வோல்டேஜ், ஓவர்கிளாக் (குறித்த வேகத்தைவிட அதிகமாக ஓட்டுவது), மதர்போர்டு ஸ்லாட்டுகள் இவற்றில் ஒன்று.

நீலத் திரையின் பெயர்களையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 'மெமரி மேனேஜ்மென்ட்' ரேமை நோக்கிக் கை காட்டும். 'வீடியோ டி.டி.ஆர் ஃபெயிலியர்' கிராஃபிக்ஸ் கார்டு அல்லது அதன் ட்ரைவர். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' வந்தால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பெயர் வந்தால், என் அனுபவத்தில் அது ரேம். ஒரே பெயர், ஒரே ட்ரைவர் ஃபைலைச் சொல்லி வந்துகொண்டிருந்தால் ட்ரைவர். 'ப்ளூஸ்கிரீன்வியூ' என்ற சின்ன இலவச மென்பொருள் மினிடம்ப் ஃபைல்களை (2-ஆவது படியில் தேர்ந்தெடுத்த 'ஸ்மால் மெமரி டம்ப்') திறந்து அந்த ட்ரைவரின் பெயரைக் காட்டிவிடும்.

4. சுவரிலிருந்து கேபினெட் வரை

நம் ஊர் வீடுகளில் தீர்ந்துபோகும் பிரச்சினைகளில் பாதி இந்தப் படியிலேயே தீரும். பாகம் எதுவும் வாங்க வேண்டாம் என்பதால் கடைக்காரர்கள் இதில் ஆர்வம் காட்டுவதில்லை.

முதலில் ப்ளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு ஸ்பைக் பஸ்டர், அதில் யு.பி.எஸ் என்று சங்கிலி இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கேபினெட்டின் பவர் கார்டை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். சாக்கெட்டில் ப்ளக் தொளதொளவென்று ஆடினால், பின் கறுத்திருந்தால், சாக்கெட்டையே மாற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ் பின்னால் செருகும் பக்கமும் ஆடக் கூடாது. இப்படி நேராக மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் கழற்றி வைத்த பொருள்களில்தான் குற்றவாளி.

பெரும்பாலும் அது யு.பி.எஸ். கரண்ட் போகாதபோதும் யு.பி.எஸ் கெடுக்குமா என்று கேட்பார்கள். கெடுக்கும். வோல்டேஜ் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே ரிலே 'டிக் டிக்' என்று மாறும். சில மில்லிசெகண்ட் பேட்டரியிடம் பொறுப்பைக் கொடுக்கும். பேட்டரி செத்திருந்தால் அந்த இடைவெளியில் மெஷின் விழும். வெளியே ஃபேன்கூட நிற்காததால் நீங்கள் கரண்டைச் சந்தேகிக்கவே மாட்டீர்கள். உள்ளே இருப்பது சாதாரண 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி, நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் அதிகம். கழற்றிப் பார்த்து பக்கவாட்டில் உப்பியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

சோதிக்க ஒரு பாதுகாப்பான வழி: மெஷினை ரீஸ்டார்ட் செய்து, டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸ்) திரைக்குள் போய் அங்கேயே நிறுத்துங்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாத இடம் அது. இப்போது யு.பி.எஸ் மாட்டியிருக்கும் சுவர் சுவிட்சை அணையுங்கள். திரை அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடம்கூட நிற்காமல் விழுந்தால் பேட்டரி. சுவிட்சைத் தட்டிய அதே கணத்தில் ரீசெட் ஆனால் மாறும் பகுதி அல்லது முழுதாகச் செத்த பேட்டரி. பயாஸில் மெஷின் குறைவான கரண்ட்தான் எடுக்கும் என்பதால் இதில் தேறிய யு.பி.எஸ் கேம் ஓடும்போதும் தேறும் என்று சொல்ல முடியாது. 600 வி.ஏ. என்று போட்ட யு.பி.எஸ் தரக்கூடியது சுமார் 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதிலேயே மாட்டியிருந்தால் கூட்டிப் பாருங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டவே கூடாது. சூடேற்றும் கணத்தில் அது இழுக்கும் கரண்ட் ஒன்றே மெஷினை விழவைக்கும்.

யு.பி.எஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் சிஸ்டமா? இன்வெர்ட்டரின் பின்னாலோ முன்னாலோ 'யு.பி.எஸ்', 'நார்மல்' (சிலவற்றில் 'இகோ') என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் வைத்திருந்தால் ஃபேனும் லைட்டும் கவலைப்படாது, கம்ப்யூட்டர் படும். அந்த நிலையில் இன்வெர்ட்டர் வோல்டேஜ் மிகவும் கீழே போகும்வரை மெயின் கரண்டையே விட்டுக்கொண்டிருக்கும், மாறுவதற்கும் நேரம் எடுக்கும். எஸ்.எம்.பி.எஸ் தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்திருப்பது முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்டுக்குத்தான் வரும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு முழுச் சுழற்சியே 20 மில்லிசெகண்ட். சுவிட்சை யு.பி.எஸ் பக்கம் தள்ளுங்கள். இவ்வளவுதான் வேலை என்று தெரியாமல் மதர்போர்டு மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

லோ வோல்டேஜ் இருக்கிறதா என்று மல்டிமீட்டரை ஏ.சி. 750 அல்லது 600 வோல்ட் அளவில் வைத்து சாக்கெட்டில் பாருங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே செய்ய வேண்டாம். கோடை மாலையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும் நேரத்தில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை. மாலையில் 180-க்குக் கீழே இறங்குகிறது என்றால் மலிவான எஸ்.எம்.பி.எஸ் திணறும்.

கேபினெட்டின் மூலையில் புறங்கை பட்டால் 'சுருக்'கென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசிய விடும் கரண்ட் போக வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கிறது. கம்ப்யூட்டருக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்காக அதைச் சரிசெய்துவிடுங்கள்.

5. விண்டோஸா, ஹார்டுவேரா?

பயாஸ் திரையிலேயே மெஷினை அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அங்கேயே விழுந்தால் விண்டோஸை மறந்துவிடலாம். விழவில்லை என்றால் பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்ற தேர்வில் பூட் செய்யுங்கள். உங்கள் டிஸ்க்கை அது தொடாது. அதில் யூட்யூப் வீடியோவை ஓடவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேலை பாருங்கள். லினக்ஸிலும் விழுகிறது என்றால் பெட்டிக்குள்தான் கோளாறு. விண்டோஸில் பத்து நிமிடத்தில் விழுவது இதில் நாள் முழுக்க ஓடினால் நேராக 10-ஆவது படிக்குப் போங்கள். ஃபார்மேட் செய்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

6. கேபினெட்டைத் திறந்து

கார்டைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் வடியும். பக்கத் தகட்டைக் கழற்றி, தொடுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தூசி தெரியும், அது தெரிந்ததுதான். எறும்புப் புற்று, கரப்பான் முட்டை, சில நேரம் எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் அருகே காய்ந்த பல்லி. சூடான இருட்டுப் பெட்டி அவற்றுக்குப் பிடித்த வீடு. ஒரு சமயத்தில் இரண்டு முனைகளைத் தொட்ட பல்லி தானும் போய் மதர்போர்டையும் கொண்டுபோகும். பின்பக்கம் காலி ஸ்லாட்டுகளின் தகடு இல்லாமல் ஓட்டையாக இருந்தால் மூடிவிடுங்கள்.

ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் கெடும். மாடியிலோ வாசலிலோ வைத்து ஊதுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

மதர்போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், பதிலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். 2000-களின் ஆரம்பத்தில் செய்த போர்டுகளில் இது தொற்றுநோய் மாதிரி இருந்தது. இப்போதைய திட கெப்பாசிட்டர்களில் குறைவு, பழைய ஆபீஸ் மெஷின்களில் இன்னும் பார்க்கலாம்.

24 பின் கனெக்டரையும், ப்ராசசர் அருகே மூலையில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி, கிளிப் 'க்ளிக்' ஆகும்வரை அழுத்தி மாட்டுங்கள். பின் ஏதாவது பழுப்பேறி உருகியிருக்கிறதா?

அப்புறம் பலரும் மறக்கும் ஒன்று: ரீசெட் பட்டன். பழைய கேபினெட்டுகளில் அது உள்ளேயே சிக்கிக்கொண்டு தானாக அழுந்தும். முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் சின்ன ஒயர்களில் 'ரீசெட் எஸ்.டபிள்யூ' என்று எழுதியதை உருவிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். பவர் பட்டன் ஒயரையும் சந்தேகித்தால், மெஷினைப் போட்டபின் அதையும் உருவலாம். முன்பக்க யு.எஸ்.பி. போர்ட்டில் வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பின்களும் இதே வேலையைச் செய்யும்.

7. சூடு

எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ப்ராசசர் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி சாதாரணம். பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் சிப்களின் எல்லை 100 டிகிரி, ஏ.எம்.டி. ரைசனில் மாடலைப் பொறுத்து 90, 95. எல்லையைத் தொட்டவுடன் இவை முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே அணையாது. அதனால் 80 டிகிரியைப் பார்த்துவிட்டு "இதனால்தான் ரீஸ்டார்ட்" என்று முடிவு கட்டாதீர்கள். சூட்டினால் விழும் மெஷின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். உடனே போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் விழும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் நல்ல பிள்ளையாக ஓடும்.

இன்டெலின் பழைய வட்டக் கூலரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று விட்டிருந்தால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். எடுத்து, பழைய காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எதிர் எதிர் மூலையாக அழுத்துங்கள். ரைசனின் ஏ.எம்.4 சாக்கெட் சிப்பில் கூலரை நேராக இழுக்காதீர்கள்; காய்ந்த பேஸ்ட் சிப்பையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கரண்டை எடுத்தபின் திருகியபடி கழற்ற வேண்டும்.

8. ரேம்

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை நல்ல வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளை பிரஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊதுங்கள். கடற்கரை ஊர்களில் இந்தப் பற்கள் மங்கிப்போவது சகஜம். மாட்டும்போது இரண்டு பக்கமும் கிளிப் ஏறும் சத்தம் வர வேண்டும்.

பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயங்கினால் அணைத்து, சாதாரண வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் 3600 என்று போட்டிருப்பது ஓவர்கிளாக் வேகம். எல்லா ப்ராசசரும் போர்டும் அதைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; வெவ்வேறு கம்பெனி ரேம்களைக் கலந்து மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். குறைந்தது நான்கு பாஸ் (முழுச் சுற்று). காலையில் பிழை எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் அது பிழைதான். "ஒன்னுதானே சார்" என்பவரிடம் ரேம் வாங்காதீர்கள். பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் மாட்டிச் சோதித்து, அதே ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். ஸ்டிக் மாறினால் பிழை போகிறதா, ஸ்லாட் மாறினால் போகிறதா என்பதில் ரேமா போர்டா என்று தெரிந்துவிடும்.

டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புது மெஷினா? முதல் தடவை போடும்போது சில நிமிடம் கறுப்புத் திரையில் நின்று, தானாக ஒன்றிரண்டு முறை எழுந்து விழலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. நடுவில் அணைக்காதீர்கள்.

9. எஸ்.எம்.பி.எஸ், கிராஃபிக்ஸ் கார்டு

மேலே எதிலும் சிக்கவில்லை, செய்தி காட்டாத ரீஸ்டார்ட் என்றால் என் பந்தயம் எஸ்.எம்.பி.எஸ்மேல்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு +12 வோல்ட் கட்டத்துக்கு வாருங்கள். 16 ஆம்ப் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 192-இலிருந்துதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இந்தக் கணக்கைப் போட்டால் பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மெஷின் ஓடும்போது, காலியாக இருக்கும் பெரிய 4 பின் கனெக்டரில் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மஞ்சள், கறுப்பு: 11.4 முதல் 12.6 வரை. சிவப்பு, கறுப்பு: 4.75 முதல் 5.25 வரை. இதற்கு வெளியே போனால் மாற்றியாக வேண்டும். உள்ளே இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் விழும் வோல்டேஜைச் சாதாரண மீட்டர் பிடிக்காது. பச்சை ஒயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். உயிர் இருக்கிறதா என்று சொல்லும், பலம் இருக்கிறதா என்று சொல்லாது. நண்பரிடம் இருக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸை இரண்டு நாள் கடன் வாங்கி மாட்டுவதே உண்மையான சோதனை. ஒன்று மட்டும்: கேபிள்களைப் பிரித்து மாட்டும் வகை என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வேறு கம்பெனி கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பின் வரிசை மாறி டிஸ்க்கை எரித்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்குமேல் நிற்கும், ப்ளக்கை எடுத்த பிறகும்.

கேம் போட்டவுடன் விழுகிறதா? கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். ஓ.சி.சி.டி. மென்பொருளில் ப்ராசசர் சோதனையைத் தனியாக, கார்டு சோதனையைத் தனியாக, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். தனித்தனியாகத் தாங்கி, சேர்த்து ஓட்டும்போது விழுந்தால் எஸ்.எம்.பி.எஸ்தான். கார்டையே கழற்றிவிட்டு மதர்போர்டின் டிஸ்பிளே போர்ட்டில் மானிட்டரை மாட்டியும் பார்க்கலாம். ஆனால் பெயரில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிப்பிலும், 'ஜி' இல்லாத ரைசன் 5000 வரிசையிலும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நேர்மாறாக, கேமில் நன்றாக ஓடி, சும்மா கிடக்கும்போது மட்டும் விழும் ரைசன் மெஷின்கள் உண்டு. குறிப்பாக முதல் தலைமுறைகளில். பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றினால் பலவற்றில் நின்றுவிடும். காசு இல்லாத மருந்து.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொள்கிறது என்று 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (ப்ராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது; பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து அந்தத் திருத்தம் அடங்கிய புதிய பயாஸைப் போடுங்கள், யு.பி.எஸ் நன்றாக இருக்கும் நாளில். ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. நல்ல கார்டு இருந்தும் கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வருவது இந்த நோயின் அடையாளம். பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டிக்குப் போங்கள்.

10. விண்டோஸ் பக்கம்

லினக்ஸில் நன்றாக ஓடிய மெஷின் என்றால் இங்கே. கோளாறு தொடங்கிய தேதியை நினைவுபடுத்துங்கள். 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறந்தால் நாள்வாரியாக எதை இன்ஸ்டால் செய்தீர்கள், எந்த அப்டேட் வந்தது, எப்போது விழுந்தது என்று ஒரே பக்கத்தில் வரும். முதல் விழுதலுக்கு முந்தைய நாள் வந்ததை நீக்கிப் பாருங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். இந்த வகை மென்பொருள் விண்டோஸின் கருவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அதில் ஒரு பிழை முழு மெஷினையும் கவிழ்க்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரே ஒரு பழுதான ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. அன்றைக்கு மருந்து எளியது: சேஃப் மோடில் (அவசியமான ட்ரைவர்கள் மட்டும் ஏறும் நிலை) போய் அந்த ஃபைலை அழிப்பது.

நம் மெஷினுக்கும் சேஃப் மோடுதான் முதல் கதவு. டெஸ்க்டாப் வரை போகாமலேயே விழுந்துகொண்டிருந்தால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் தானாகவே பழுதுபார்க்கும் திரை வரும். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக சேஃப் மோட். அதே இடத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டைக் கழற்றலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட மெஷின் ரெக்கவரி கீ கேட்கும், அதை முன்பே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடில் விழவில்லை என்றால் ட்ரைவர். கிராஃபிக்ஸ் ட்ரைவரை டி.டி.யு. என்ற கருவியால் முழுதாகத் துடைத்துவிட்டு, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். 'ட்ரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். அவை கெடுத்த மெஷின்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் சோதனை மென்பொருளில் நீல நிற 'குட்' இருக்க வேண்டும்; மஞ்சள் 'காஷன்' வந்தால் அன்றைக்கே காப்பி எடுத்து டிஸ்க்கை மாற்றுங்கள். சாட்டா டிஸ்க்கில் சி.ஆர்.சி. பிழை (டேட்டா கடத்தும்போது வரும் பிழை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, கேபிள் மட்டும் கெட்டது. சின்னச் செலவு.

இவையெல்லாம் செய்த பிறகு ஓ.எஸ். புதிதாகப் போடலாம். நல்ல ஒரிஜினல் ஐ.எஸ்.ஓ.வை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து.

11. மிச்சம் இருப்பது போர்டு

மதர்போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். ப்ராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ், மானிட்டர் மட்டும். பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடும். கேபினெட்டுக்குள் விழுந்து வெளியே நன்றாக ஓடினால், போர்டின் அடியில் ஒரு பித்தளைத் தூண் இடம் மாறியோ, ஸ்க்ரூ ஒன்று விழுந்தோ ஷார்ட் ஆகிறது. வெளியேயும் விழுந்தால், ரேமும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் நல்லவை என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், போர்டுதான். ப்ராசசர் கெடுவது அரிது, மேலே சொன்ன இன்டெல் கதையைத் தவிர.

போர்டு வாரண்டியில் இருந்தால் சாக்கெட் பின்கள் வளையாமல், சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டியே கொடுங்கள். மூடி இல்லை, பின் வளைந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ, சீரியல் நம்பரோடு. வாரண்டி முடிந்ததா, டி.டி.ஆர்.3 காலத்து மெஷினா? சிப் லெவல் சர்வீஸுக்கு (போர்டில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது) முதலில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழைய ஆபீஸ் மெஷின் ஒன்று கிடைக்கும் என்றால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொண்டு போர்டை விட்டுவிடுங்கள்.